கரிக்கப்பலின் செம்புக் குவளை

டீயைப் பாதி குடித்துவிட்டுக் குவளையை ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவது என் பழக்கம். மீதியைக் குடிக்க மறந்துபோகிறேன் என்று என் மருமகள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் பர்மியப் பெண். ரங்கூன் க்யிம்யிண்டைங் சந்தையில் லுங்கிக்கடை வைத்திருக்கிறாள். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் படியேறி வந்தால் அவள் கண் முதலில் போவது அந்தக் குவளைக்குத்தான். "அமே, இன்னிக்கும் பாதியா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கடிந்துகொள்வாள். அமே என்றால் அவர்கள் பாஷையில் அம்மா. குவளை செம்பாலானது. விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. அடியைத் திருப்பிப் பார்த்தால் ஓர் அம்புக்குறி வெட்டியிருக்கும். அது சர்க்கார் சொத்து என்பதற்கான அடையாளம். எந்த சர்க்காருடைய சொத்து என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த சர்க்காரும் போய்விட்டது, அவர்களுடைய கப்பலும் போய்விட்டது, குவளை மட்டும் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

நான் கல்யாணமாகி ரங்கூனுக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில். மாப்பிள்ளைக்கு இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை, மாமனார் கப்பலில் இருக்கிறார் என்று தரகர் சொன்னதும் என் வீட்டார் பூரித்துப்போனார்கள். கப்பல் என்றால் வெள்ளை உடுப்பு, தங்கப் பித்தான் என்று அவர்களுக்கு நினைப்பு. வந்து சேர்ந்த வாரமே என் வீட்டுக்காரர் என்னைச் சம்பான் படகில் உட்காரவைத்து, மாமனாரிடம் ஆசி வாங்க அழைத்துப்போனார். ஆற்றின் நடுவே, பாய்மரமும் இல்லாமல் புகைக்கூண்டும் இல்லாமல், கறுப்பாக ஒரு பெரிய மரக்கட்டிடம் சங்கிலியில் கட்டுண்டு மிதந்துகொண்டிருந்தது. அதன் மேல்தட்டிலிருந்து, முகமெல்லாம் கரித்தூளும் பல்லெல்லாம் சிரிப்புமாக ஒருவர் எட்டிப் பார்த்து, "பாத்து ஏறு தாயி, கிழவிக்கு உடம்பெல்லாம் வழுக்கல்" என்றார். அதுதான் என் மாமனார். கிழவி என்று அவர் சொன்னது அந்தக் கப்பலை.

பட்டாளத்துக் கப்பலாகப் பிறந்தவள் அவள். இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, என் வாயில் அது கடைசிவரை நுழையவில்லை. ஓக் மரத்தில் கட்டி, மூன்று பாய்மரம் நட்டு, இரண்டு பக்கமும் பீரங்கி அடுக்கிக் கடலில் விட்டார்களாம். கொஞ்ச காலத்தில் நீராவி வந்துவிட்டது. புதுக் கப்பல் கட்டுவானேன் என்று இவளையே துறைக்கு இழுத்துவந்து, வயிற்றைக் கிழித்து உள்ளே கொதிகலனையும் இயந்திரத்தையும் வைத்துத் தைத்துவிட்டார்கள். மாமா அப்படித்தான் சொல்வார், தைத்துவிட்டார்கள் என்று. ஆனாலும் பாயைக் கழற்ற அவர்களுக்கு மனசு வரவில்லை. கரி விலை கொடுத்து வாங்க வேண்டியது, காற்று சும்மா கிடைப்பது. அதனால் காற்று வீசினால் பாய், காற்று விழுந்தால் நீராவி என்று இரண்டையும் வைத்துக்கொண்டு பல கடல் சுற்றினாள். இரும்புக் கப்பல்கள் வந்தபின் சண்டைக்கு லாயக்கில்லை என்று பீரங்கிகளை இறக்கிவிட்டு, பட்டாளத்தை ஏற்றி இறக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அப்போதுதான் நம் ஆட்களை வேலைக்கு எடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் மாமா ஏறினார், கரி தள்ளும் வேலைக்கு. அதே நாளில் பாய் கட்டும் வேலைக்கு ஏறினார் ஒரு மரைக்காயர்.

அவர்கள் இருவரும் வரிசையில் கடைசி. இரண்டு பேருக்கு ஒரு குவளை என்பது அந்தக் கப்பலின் வழக்கம். இந்துவோடு இந்துவும் முஸ்லிமோடு முஸ்லிமும் ஜோடி சேர்ந்து வாங்கிக்கொண்டு போனபின் மிஞ்சியது இவர்கள் இருவரும் ஒரு குவளையும். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். ஆனால் அந்தக் கப்பலில் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்காது. காற்று வீசினால் மரைக்காயர் மேலே கயிறு இழுக்க வேண்டும், மாமாவுக்கு ஓய்வு. காற்று விழுந்தால் மாமா கீழே அடுப்புக்குப் போக வேண்டும், மரைக்காயருக்கு ஓய்வு. வேலைக்குப் போகிறவர் குவளையில் பாதி டீயைக் குடித்துவிட்டு மீதியை வேலை முடிந்து வருகிறவருக்கு வைத்துவிட்டுப் போவார். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஆரம்பிப்பதற்கு முன்பே இந்தப் பழக்கம் வந்துவிட்டது என்று மாமா சொல்வார்.

இருவரும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நீராவியிலிருந்து பாய்க்கு மாறும்போது, கப்பலின் பின்னால் தண்ணீருக்குள் சுற்றும் வெண்கல விசிறியை மேலே தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தண்ணீரைத் தடுத்துக் கப்பலைப் பிடித்து இழுக்கும். அத்தனை கனமான விசிறியைத் தூக்க, மேல்தட்டு ஆட்களும் அடுப்பறை ஆட்களும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் இரண்டு கிழவர்களும் சண்டை போடமாட்டார்கள்.

மற்ற நேரமெல்லாம் சண்டைதான். இங்கிலீஷ்காரர்கள் மாந்தலே ராஜாவைப் பிடித்த சமயத்தில் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு ரங்கூன் வந்த கிழவி திரும்பிப் போகவே இல்லை. பாய்மரங்களை வெட்டினார்கள். இயந்திரத்தைக் கழற்றி ஏதோ அரிசி ஆலைக்குக் கொடுத்ததாக மாமா சொல்வார், அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. வெறும் கூடாக நின்றவளின் வயிற்றில் மற்றக் கப்பல்களுக்கான கரியைக் கொட்டி ஆற்றில் கட்டிப்போட்டார்கள். மரைக்காயர் அதற்குள் மேல்தட்டு ஆட்களுக்குத் தலைவராகி, சாரங்கு ஆகியிருந்தார். கரிக்கப்பலுக்குக் காவல் அவர், துணைக்கு மாமா. அத்தை காலமான பிறகு மாமா கரையில் தங்குவதையே விட்டுவிட்டார். பகலில் சங்கிலியையும் கூலியாட்களையும் பார்த்துக்கொள்வது மாமா, பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றிக் காவல் இருப்பது மரைக்காயர். இப்போதும் அதே குவளை, அதே பாதி.

"கடைசியில செயிச்சது கரிதான். பாத்தீரா, இவ வயித்துல பூரா கரி" என்பார் மாமா.

"வயித்துல கரிய வெச்சுக்கிட்டு ஒரு முழம் நகந்தாளா ஓய்? காத்து இருந்தப்ப ஓடுனவ" என்பார் மரைக்காயர். மாமாவுக்கு அவர் வைத்த பெயர் கரிக்காரர். மாமா அவரைக் காத்துக்காரரே என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோறு கட்டிக்கொண்டு போவேன். முதல் தடவை அந்தக் குவளை கை மாறுவதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. எங்கள் ஊரில் தண்ணீர்ச் செம்பை அண்ணாந்துதான் குடிப்போம், கூடப்பிறந்தவர் வாய்வைத்த பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் தொடமாட்டோம். இல்லாமைதான் காரணம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுத்த வாரம் பளபளவென்று ஒரு பித்தளை டம்ளர் வாங்கிப் போனேன். அதற்கடுத்த வாரம் போனால் டம்ளரில் பச்சைமிளகாய்ச் செடி நட்டிருந்தார்கள். "நல்ல டம்ளர் தாயி, வேர் நல்லா பிடிச்சிருக்கு" என்றார் மரைக்காயர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவருக்குக் கண் போய்விட்டது என்பதை நான் கண்டுபிடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மீன்முள்ளை எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார், விரலால் தடவித் தடவி. இலையில் நான் வைத்த அப்பளம் அவருக்கு எதிரிலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. "மாமா, அவருக்கு..." என்று நான் ஆரம்பித்ததும் மாமனார் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு என்னைச் சம்பானில் ஏற்றும்போது மெல்லச் சொன்னார். கண்ணில் பூ விழுந்து ரொம்ப நாளாகிவிட்டதாம். இரண்டு பேர் காவலையும் மாமா ஒருவரே பார்த்துக்கொள்கிறாராம். துறைமுக ஆபீசுக்குத் தெரிந்தால் குருட்டுச் சாரங்கை ஒரு நாள் வைத்திருக்கமாட்டார்கள். மரைக்காயருக்குப் பெண்டு பிள்ளை கிடையாது, ஊரில் வீடு கிடையாது. "கிழவியை விட்டா அவருக்குப் போக்கிடம் ஏது? வாயைத் தொறந்துடாதே தாயி" என்றார். நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆபீஸ் ஆட்கள் வந்தால் சமாளிக்க ஒரு வழியும் வைத்திருந்தார்கள். ஆற்றில் ஏதாவது வந்தால் மாமா பக்கத்தில் நின்று இருமுவார். ஓர் இருமல் என்றால் இடப்பக்கம், இரண்டு என்றால் வலப்பக்கம். மரைக்காயர் அந்தப் பக்கம் கையை நீட்டி, "அதோ" என்பார். ஆயுள் முழுக்கக் கரிப்புகை குடித்த மனிதர், அடையாளத்துக்கு வேறு எதுவும் கிடைக்காமல் இருமலைப் போய்த் தேர்ந்தெடுத்தார். யாருக்குமே அது தப்பாகப் படவில்லை, எனக்கும்தான்.

கூலியாட்களை மேய்க்கும் குமாஸ்தா யாரோ போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். ஒரு பொங்கலன்று நான் தூக்குச்சட்டியோடு கப்பலில் இருந்தபோது துறைமுகத் துரையின் லாஞ்சுப் படகு வந்து ஒட்டியது. காலைப் பனி இன்னும் ஆற்றைவிட்டுப் போகவில்லை. துரை வயதானவர், நல்ல மாதிரிதான். பொங்கலை வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு பேச்சோடு பேச்சாக, ஹிந்துஸ்தானியில், "சாரங்கு, அதோ வருகிறதே, அது எந்தப் பக்கமாகப் போகும்?" என்று கேட்டார். வந்தது ஒரு சம்பான். மாமா ஒரு தடவை இருமினார். மரைக்காயர் கம்பீரமாக இடப்பக்கம் கை நீட்டினார். சரியாகத்தான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போது மாமாவுக்கு மறுபடியும் இருமல் வந்தது. இது அடையாள இருமல் இல்லை. பனிக்காற்று தொண்டையில் பிடித்துக்கொண்டது. அடக்கப் பார்த்தார், முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது, அடங்கவில்லை. மரைக்காயர் வலப்பக்கம் கையை நீட்டினார். உடனே இடப்பக்கம். மறுபடி வலம். பாவம், ஒன்று இரண்டு என்று எண்ணி எண்ணி, திசைக்கு ஒரு கையாக இரண்டையும் நீட்டிக்கொண்டு நின்றார். கடைசியில், "துரை, இன்னிக்கி ஆறு பூரா கப்பலா இருக்கு" என்றார். ஆற்றில் அந்தச் சம்பானைத் தவிர ஒரு துரும்பு கிடையாது.

துரை சிரித்துவிட்டார். எனக்கும் அந்த பயத்திலும் சிரிப்பு வந்ததை மறைக்கமாட்டேன். ஆனால் அடுத்த நிமிஷம் துரை தன் தொப்பியைக் கழற்றி, அதை மரைக்காயரின் முகத்துக்கு நேரே மெல்ல ஆட்டினார். மரைக்காயர் கண் இமைக்கவில்லை. துரையின் சிரிப்பு போய்விட்டது. கிழவியையே விற்கப்போகிறார்கள், அக்கரையில் தன்லியின் என்ற ஊர்ப் பக்கம் கொண்டுபோய் உடைக்கப்போகிறார்கள், எப்படியும் கொஞ்ச நாள்தான் என்று அவர் சொன்னார். சாரங்கு மட்டும் இந்த மாதமே இறங்கிவிட வேண்டும், நாகப்பட்டினம் போகக் கப்பலில் இடம் வாங்கித் தருகிறேன் என்றார். மரைக்காயர் நெஞ்சில் கைவைத்து வணங்கி, "சரி துரை" என்றார்.

லாஞ்சு போனபின் மாமா இன்னும் இருமிக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். மரைக்காயர் தடவிக்கொண்டே வந்து மாமாவின் முதுகில் கைவைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஓய், இது பொய் இருமல் இல்லியே. எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

"எனக்குச் சொல்லலியே நீர்."

"சொன்னா இருமலை மாத்தணும்பீர். வேற எதைக் கத்துக்கிறது இந்த வயசுல?"

எனக்காகத்தான் இருமுகிறார் என்று நினைத்து, உண்மையான இருமலை இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டேனே என்று மரைக்காயர் அன்றைக்கு அழுதார். கண் தெரியாதவர் அழுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா இனிக் கரைக்கு வந்துவிடுவார் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மரைக்காயரும் வரட்டும் என்று நான் சொன்னதும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் தெருவில் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள், குழாயடியில் ஒரு பேச்சு கிளம்பினால் இன்சீன் பட்டறைவரை போய்ச் சேரும். "ஊர் என்ன சொல்லும்?" என்றார். "ஊரா வந்து சோறு வடிக்கப்போகுது? நான்தானே" என்றேன். அப்படித் துடுக்காகப் பேசினேனே தவிர, எனக்குள்ளும் அந்தக் குவளை முள்ளாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் அது வந்தால் எந்த அலமாரியில் வைப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் அந்த முதுகையும் அதன்மேல் இருந்த கையையும் பார்த்துவிட்டு வந்தவள் நான், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வரமாட்டேன் என்று அடம்பிடித்தது மரைக்காயர்தான். நாங்கள் அழைக்கப் போன அன்று தன் மூட்டையைக் கட்டிவைத்திருந்தார். "நாகூருல தர்கா வாசல் இருக்கு. எத்தனையோ பேர் இருக்காங்க, நானும் ஒரு ஓரமா இருந்துக்குவேன். குடும்பத்துக்குள்ள வந்து நான் பாரமா உக்காரணுமா?" என்றார். என் வீட்டுக்காரர் சொன்னார், நான் சொன்னேன், எதற்கும் மசியவில்லை. மாமா டீ போட்டார். குவளையில் பாதியைக் குடித்தார். மீதியை மரைக்காயரின் கையில் வைத்தார்.

"காத்து விழுந்துடுச்சு ஓய். நீர் இழுத்த வரைக்கும் போதும். இனி என் முறை. குடிச்சிட்டுப் பேசாம வாரும்."

மரைக்காயர் அந்தக் குவளையின் நெளிந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குடித்தார். மூட்டையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார், மிளகாய்ச் செடியை நான் எடுத்துக்கொண்டேன்.

தெரு பேசத்தான் செய்தது. சிலர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அவர்களுக்கு டீ போடும் வேலை எனக்கு மிச்சம். இரண்டு கிழவர்களும் ஜன்னலோரம் உட்கார்ந்து கரியா காற்றா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவியை இழுத்துப்போன அன்று மட்டும் நாங்கள் எல்லோரும் படித்துறைக்குப் போனோம். ஒரு சின்ன இழுவைப் படகு புகையைக் கக்கிக்கொண்டு அவளைக் கயிற்றில் கட்டி இழுத்தது. அத்தனை பெரியவள் ஒரு முனகலும் இல்லாமல் பின்னாலேயே போனாள். "எப்படிப் போறா?" என்று மரைக்காயர் கேட்டார். கரிப்புகைதான் அவளை இழுத்துக்கொண்டு போகிறது, மாமாவுக்கு வாழ்நாள் சண்டையில் ஜெயிக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. அவர் இருமலை அடக்கிக்கொண்டு, "நல்ல காத்து ஓய். மூணு மரத்துலயும் பாய் விரிச்சிருக்காங்க. விசிறியத் தூக்கிட்டாங்க" என்றார். மரைக்காயர் தலையை ஆட்டிக்கொண்டார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். அவள் போன திசையில் ஒரு கையை நீட்டி, "அதோ" என்றார்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மாமா போய்விட்டார். இருமல் அவரைக் கரைத்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கியபின் மரைக்காயருக்கு நான் டீ கொடுத்தேன். பாதி குடித்தார். குவளையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை முடிந்து வருகிறவருக்கு மீதி. நான் என்ன செய்வேன்? சாயங்காலம் அதை எடுத்துக் கொல்லையில் ஊற்றிக் கழுவி வைத்தேன். ஊற்றும் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாளும் பாதி. அதற்கு மறுநாளும். தினம் அந்தச் சத்தத்துக்கு அவர் காது கொடுத்துக் காத்திருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒரு சாயங்காலம் அடுப்பு வேலையை முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். குவளையை எடுத்தேன். கொல்லைக் கதவுவரை போய்த் திரும்பி வந்து, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விளிம்பில் வாய்வைத்து அந்த ஆறிப்போன டீயைக் குடித்தேன். கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்காததால் மரைக்காயர் தலையை நிமிர்த்தினார்.

"யாரது?"

"நான்தான் மாமா. அடுப்படிலேர்ந்து இப்பதான் மேல வரேன்."

அவரை அதுவரை நான் மாமா என்று அழைத்ததில்லை. அவர் முகம் என் பக்கம் திரும்பியது. கையை நீட்டித் தடவி, குவளை காலி என்று பார்த்துக்கொண்டார்.

"அப்ப சரி தாயி. உன் முறை முடிஞ்சிது. உக்காரு" என்றார்.

அவர் இருந்தவரை அது அப்படியே நடந்தது. அவருக்குப்பின் குவளையில் பாதி வைக்கும் முறை எனக்கு வந்தது. இந்தக் கதையை என் மருமகளிடம் போன வாரம்தான் சொன்னேன், எனக்குத் தெரிந்த பர்மிய மொழியில், தட்டுத்தடுமாறி. கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். புரியவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். நேற்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்தாள். வழக்கமான அதட்டல் இல்லை. கூடையை இறக்கிவைத்தாள், ஜன்னல் கட்டையில் இருந்த குவளையை எடுத்து நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அமே," என்றாள், "நாளைக்குச் சக்கரை கொஞ்சம் கூடப் போடுங்க."